டெஸ்டுக்குப் போன டயர்கள்

என் மகள் சுகன்யா போனில் பேசினால் நேராக விஷயத்துக்கு வருவாள். அன்று வரவில்லை. ஏலக்காய் பறிப்பு, மழை, பக்கத்து வீட்டுக் கோழி என்று ஊரைச் சுற்றினாள். ஐப்பசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மேகம் கூடுகிறதா என்று ஒரு கண்ணை வானத்தில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பேச்சு முடியப் போகும் நேரத்தில்தான் சொன்னாள்.

"போன வாரம் ஜீப்பு கொஞ்சம் வழுக்கிருச்சுங்ப்பா."

"கொஞ்சம்னா?"

"ஒரு மரம் இருந்துதுங். அதுல சாஞ்சு நின்னுருச்சு."

மரம் இல்லாதிருந்தால் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சுகன்யாவின் கணவர் இசக்கிமுத்து உடும்பஞ்சோலைப் பக்கம் சொந்தமாக ஜீப் வைத்து ஓட்டுகிறார். சுற்றுலா வருபவர்களை மலை உச்சிக்கு ஏற்றிக்கொண்டு போய், மேகத்தையும் பள்ளத்தாக்கையும் காட்டிவிட்டு இறக்கிக் கொண்டுவரும் தொழில். அங்கே பாதை என்று தனியாக ஒன்று இல்லை. பாறையும் சேறும் தண்ணீர் அரித்த பள்ளமும்தான் பாதை. சுகன்யா அங்கே ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பில் இருக்கிறாள். விருந்தாளிகளுக்கு ஜீப் ஏற்பாடு செய்து கொடுப்பவள் அவள்தான். தன் கணவரைத் தினமும் அந்த மலைக்கு அனுப்புகிற கை அவளுடையது.

"டயரு எப்படி இருக்குது கண்ணு?"

"நீங்களே வந்து பாருங்க. நாஞ்சொன்னாக் கேக்க மாட்டேங்கறாங்க. தீபாவளிக் கூட்டம் வர்றதுக்குள்ள..."

தீபாவளிக்குள் அந்த ஜீப்புக்கு நான்கு புது டயர் மாட்டிவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு செய்தேன். நாலும் போட்டுத் தருகிறேன் என்று அவளிடம் வாக்கும் கொடுத்தேன்.

நெல்லை மூட்டை கட்டி உள்ளே ஏற்றும்வரை டயரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். கிழக்குப் பாலக்காட்டில் எங்களுக்கு டயர் என்றால் டிராக்டர் டயர்தான். மேலே உள்ள ரப்பர் கட்டை உயரமாக இருந்தால் வாங்குவோம், வேறெதையும் பார்ப்பதில்லை. இப்போதுதான் தெரிந்தது, ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும் என்பது. முதல் இரண்டும் டயர் பிறந்த வாரம்; அடுத்த இரண்டும் வருடம். ஓடாமல் கடையில் கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகும், இறுகும், பிடிப்பு விட்டுப்போகும். கோயில் கல்வெட்டு முதல் பிஸ்கட் பாக்கெட் வரை தேதி பார்க்காமல் நகராதவன் நான். எனக்கு இது போதாதா? ஊரில் நிற்கிற வண்டிகளையெல்லாம் குனிந்து குனிந்து படிக்க ஆரம்பித்தேன். பால் வண்டிக்காரர் பயந்துபோய், "ஏனுங்ணா, காத்து எறங்கிப் போச்சுங்களா?" என்று ஓடிவந்தார்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை கிளம்பினேன். கேரளத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போக நாங்கள் தமிழ்நாட்டுக்குள் புகுந்து வெளியே வர வேண்டும். அந்நிய தேசம் போய்த் திரும்புகிற மாதிரிதான். இரண்டு இடத்தில் சோதனைச் சாவடி, இரண்டு விதமான தேநீர், பலகையில் எழுத்து மாறி மாறி வரும். எங்கள் ஊரில் வீட்டுவாசலில் நின்று பார்த்தால் அடுத்த ஊர்த் தென்னைமரம் தெரியும். மலை ஏற ஏற, அடுத்த வளைவுகூடத் தெரியவில்லை.

அப்படி ஒரு வளைவில் எங்கள் தனியார் பேருந்து பெருமூச்சு விட்டு நின்றது. பின்சக்கரம் பஞ்சர். எல்லோரும் இறங்கினோம். நான் வழக்கப்படி குனிந்து மற்ற டயர்களைப் படித்தேன். ஒன்றின் வயதைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

"இது பள்ளிக்கூடத்துல சேத்தியிருந்தா இன்னேரம் அஞ்சாங்கிளாஸ் போயிருக்குமுங்."

கூடையோடு நின்ற அம்மா ஒருவர் கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு இரண்டடி தள்ளிப் போனார். நடத்துநர் என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னார்: "பெரியவரே, படிச்சதை மனசுக்குள்ளயே வச்சுக்கிடுங்க. இன்னும் பாதி மலை கெடக்கு."

ஸ்டெப்னி மாட்டும்வரை சாலையோரக் கடையில் பாலில்லாத கட்டன் சாயாவும் கப்பை என்று அங்கே சொல்லும் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் கிடைத்தன. காந்தாரி மிளகாயை உப்பும் வெங்காயமும் சேர்த்து நசுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் கப்பைக்கு இத்தனை மரியாதை கிடையாது. எதிர்ப் பலகையில் இருந்த இரண்டு பேர் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மத்தியானத்துக்கு மேல் மழை ஒருநாள்கூடத் தவறவில்லை, பார்த்தாயா?"

"மேலே ஒரு தமிழன் ஜீப் சறுக்கிற்றாமே?"

"மரம் இருந்தது. இல்லாவிட்டால் ஆறு பேரையும் கீழே போய்த்தான் பொறுக்கியிருக்க வேண்டும்."

ஆறு பேர் என்று சுகன்யா சொல்லவே இல்லை. கையில் எடுத்த கப்பையைத் தட்டிலேயே வைத்தேன். என் வீட்டுச் செய்தி எனக்கு முன்னால் மலை இறங்கி வந்து, தெரியாதவர்கள் வாயில் உட்கார்ந்திருந்தது.

போய்ச் சேர்ந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் ஜீப்பைச் சுற்றி வந்தேன். பட்டன் என்று சொல்லும் அந்த ரப்பர் கட்டைகள் நான்கு டயரிலும் தேய்ந்து, உள்ளங்கைபோல் வழவழவென்று இருந்தன. ஒன்றில் உள்நூல் எட்டிப் பார்த்தது.

"ஏனுங் மாப்ள, இதைப் போட்டுட்டா ஆறு பேரை மேல ஏத்துனீங்க?"

இசக்கி சிரித்தார். அவர் தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எஸ்டேட் வேலைக்கு மலை ஏறியவர். பேச்சில் அந்த ஊர் இன்னும் அப்படியே இருக்கிறது.

"ஆறு பேருன்னு யாரு சொன்னா மாமா? அஞ்சும் ஒரு கைப்புள்ளையும்."

"போன வருசம் டெஸ்டு எப்படிங் பாஸாச்சு?"

சுற்றுலா ஜீப்புகளை மோட்டார் வாகன அலுவலகத்தில் கொண்டுபோய் நிறுத்தித் தகுதிச் சான்று வாங்க வேண்டும். டயர் மொட்டையாக இருந்தால் சான்று கிடைக்காது.

"அதெல்லாம் ஆயிரும் மாமா. மொதல்ல கைகால் கழுவிட்டு வாங்க, சாப்புடலாம்" என்றார்.

சுகன்யா கஞ்சியும் பயறும் அப்பளமும் வைத்தாள். "அங்கன தண்ணி இருக்கு, எடுத்துக்கிடுங்க" என்றவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "எம்பேச்சே மாறிப் போச்சுங்ப்பா."

செவ்வாய்க்கிழமை டயர் கடை. கடைக்காரர் மலையாளி. நாங்கள் தமிழில் பேச, அவர் மலையாளத்தில் பதில் சொல்ல, யாருக்கும் சிரமமில்லை. முதலில் சாலையில் ஓடுகிற வண்டிக்கான டயரைக் காட்டினார். இசக்கி தலையை மட்டும் ஆட்டினார். அடுத்து ரீட்ரெட், அதாவது பழைய உடம்புக்குப் புதுத்தோல் ஒட்டிய டயர். நான் தலையை ஆட்டினேன். மூன்றாவதாக ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். கட்டைகள் ஒவ்வொன்றும் செங்கல் பாதி உயரம். எனக்குக் கண்டதும் பிடித்துப்போயிற்று. எங்கள் டிராக்டரின் தம்பி மாதிரி இருந்தது.

"இதான் மாப்ள. சேத்துல எறங்குனா அப்படியே கடிச்சுட்டு நிக்குமுங்."

"மாமா, இது உங்க வயலுக்குச் சரி. வயல்ல முட்டளவு சேறு. எங்க பாதையில நாலு விரக்கட சேறு, அதுக்கு அடியில பாறை. இம்புட்டு ஒசரக் கட்டை பாறையில முழுசாப் படியாது, நுனிக்கால்ல நடக்க மாதிரிதான். ஈரம் பட்டா போச்சு."

நான் படித்த ஒரு கட்டுரையும் அதையேதான் சொல்லியிருந்தது. இன்னொரு கட்டுரை நேர்மாறாகச் சொல்லியிருந்தது. எனக்கு எந்தக் கட்டுரையை நம்புவது என்று தெரியவில்லை. கையால் கட்டைகளைத் தடவிக்கொண்டே நின்றேன். தவறான டயரை நானே வாங்கிக் கொடுத்து, அதில் இவர் வழுக்கினால்? அதைவிட மொட்டை டயரே மேல். அதில் என் கை இல்லை. இப்படியெல்லாம் மனசு போயிற்று. கடைசியில் கட்டை நடுத்தர உயரம், நெருக்கமான வரிசை, ஓரத்தில் மட்டும் பெரிய பல், மிருதுவான ரப்பர் என்று ஒன்றில் இருவரும் ஒத்துப்போனோம்.

பிறகு நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேதி பார்க்கத் தொடங்கினேன். முதல் டயர் கடையிலேயே கிழடாகிவிட்டது. இரண்டாவது அதற்கு அண்ணன். பரணிலிருந்து வேறு இறக்கச் சொன்னேன். கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இசக்கியிடம் கேட்டார்: "பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு ஜாதகம் கேட்க மாட்டார்களே! உங்களைத் தேர்ந்தெடுத்தபோதும் இப்படித்தான் பார்த்தாரா?"

"என்னைப் பாக்கவே இல்ல சேட்டா. அவர் மகதான் பாத்தா."

நான்கும் ஒரே வாரத்தில் பிறந்தவையாக வேண்டும் என்று நின்றேன். மூன்று கிடைத்தன. நான்காவது சில வாரம் மூத்தது. அதை எடுப்பதா விடுவதா என்று நான் தவித்ததைப் பார்த்து இசக்கி சொன்னார்: "கூடப்பொறந்ததுன்னா மூத்தது எளையது இருக்கத்தான செய்யும் மாமா."

டயர் மாட்டும்போது அவருக்கு ஜீப் ஸ்டாண்டிலிருந்து போன் வந்தது. "ஆமால, வாங்கியாச்சு. நம்ம அளவுதான். எல்லா வண்டிக்கும் சேரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கறையாக விசாரிக்கிறார்கள் என்று நினைத்தேன். பழைய மொட்டைகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தோம். ஒழிந்தது சனியன் என்று இருந்தது.

புதன்கிழமை சுகன்யாவுக்கு விடுப்பு. புது டயரில் மூவரும் மாட்டுப்பட்டி அணை வரை போனோம். அணையைப் பார்த்தேன் என்பதைவிட, அங்குள்ள மாட்டுப் பண்ணைப் பக்கம் மேய்ந்த மாடுகளைப் பார்த்தேன் என்பதே சரி. அந்தச் சரிவில் எங்கள் ஊர் மாட்டைக் கட்டினால் உருண்டுவிடும். திரும்பும்போது மழை பிடித்தது. வளைவுகளில் வண்டி தார்ச்சாலையைப் பற்றிக்கொண்டு போனது இருக்கையிலேயே தெரிந்தது. சுகன்யா பின்னால் தூங்கிவிட்டாள். அவள் தூங்கியதைப் பார்த்தபோதுதான் இத்தனை நாள் தூங்கவில்லை என்று தெரிந்தது.

சாயங்காலம் ஜீப் ஸ்டாண்டில் நிறுத்தினோம். ஒவ்வொருவராக வந்து டயரைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார்கள். தங்கராசு என்று ஒருவர், இசக்கி வயதுதான் இருக்கும், நகத்தால் கீறியே பார்த்துவிட்டார்.

"நகம் எறங்குது மாமா. நல்ல ரப்பரு. சரியாப் பாத்து எடுத்திருக்கிய."

அன்று மரத்தில் சாய்ந்து நின்ற ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து மேலே ஏற்றியவர் இந்தத் தங்கராசுதான் என்று இசக்கி சொன்னார். எனக்கு அந்த மனிதரை அணைத்துக்கொள்ளத் தோன்றியது.

வியாழக்கிழமை இசக்கி காலையிலேயே ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். புட்டும் கடலையும் சாப்பிட்டுவிட்டு நான் மெதுவாக நடந்து போனேன். எர்ணாகுளத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தது: கணவன், மனைவி, மனைவியின் அம்மா. நான் பழக்கத்தில் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன்.

மொட்டை.

ஒருகணம் வேறு ஜீப் என்றே நினைத்தேன். எண்ணைப் பார்த்தேன், இசக்கியின் ஜீப்தான். கண்ணாடியை மாட்டி டயரைப் படித்தேன். கடையில் விட்டுவந்த பழைய டயர்களும் இல்லை. அவற்றுக்கும் மூத்தவை இவை. யாருடையவை என்றே தெரியாத நான்கு கிழடுகள் என் மருமகன் வண்டியைத் தாங்கி நின்றன.

"டயர் எங்கீங் மாப்ள?"

"டெஸ்டுக்குப் போயிருக்கு மாமா."

"டயரு தனியா டெஸ்டுக்குப் போகுங்களா?"

"தங்கராசு வண்டியில போயிருக்கு. இன்னைக்கு அவனுக்கு டெஸ்டு. பாஸாகி வந்ததும் மாத்திக்கிடலாம்."

பயணிகள் கேட்டுவிடக்கூடாது என்று அவர் குரலைத் தாழ்த்தினார். ஒன்றிரண்டு வாக்கியத்தில் எனக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. அந்த ஸ்டாண்டில் யாராவது ஒருவர் புது டயர் வாங்கினால், டெஸ்டு நெருங்கியவர் வண்டிக்கு அது சக்கரத்தோடு போகும். அவருடைய மொட்டைச் சக்கரம் இவர் வண்டிக்கு வரும். சான்று வாங்கியதும் திரும்ப மாற்றிக்கொள்வார்கள். வருடக் கணக்காக இப்படித்தான். இசக்கியின் வண்டி இதுவரை தங்கராசின் டயரில்தான் பாஸாகியிருக்கிறது. அப்போது அவை புதியவை. இப்போது அவைதான் என் கண்முன்னால் வழுவழுவென்று நின்றவை. அலுவலகத்தில் பரீட்சை எழுதுவது ஒரு டயர், மலை ஏறுவது வேறு டயர்.

"ஓட்டம் வேண்டாமுங். அவங்களை எறக்கிவிடுங்க."

"காலையில மழை கெடையாது மாமா. ஒரு எட்டு போயிட்டு வந்துருதேன். ஓட்டத்தை விட்டா நாளைக்கு சுகன்யா விடுதிக்காரங்க வேற ஸ்டாண்டுக்குப் போயிருவாங்க."

வண்டி கிளம்பிவிட்டது. நான் ஓடிப்போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். ஏறி என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. அவரை மட்டும் அனுப்பிவிட்டுச் சுகன்யா முன்னால் போய் நிற்க என்னால் முடியாது, அவ்வளவுதான்.

ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. அதுதான் என்னை இன்னும் கலங்க வைத்தது. பின்னால் இருந்த பெண் தன் அம்மாவிடம், "பிடித்துக்கொள்ளுங்கள் அம்மா, ஊஞ்சல் மாதிரி இருக்கிறது" என்று மலையாளத்தில் சொல்லிச் சிரித்தாள். ஒவ்வொரு பாறையிலும் சக்கரம் ஒரு நொடி சும்மா சுழன்று, பிறகு பிடித்தது. அந்த ஒரு நொடியில் நான் மூச்சு விடவில்லை.

உச்சியில் தகரக்கூரை போட்ட ஒரு டீக்கடை உண்டு. ஏலக்காய் தட்டிப் போட்ட டீயும் சூடான பழம்பொரியும் கொடுத்தார்கள். என் டீ ஆறியது. இசக்கி சீக்கிரம் இறங்க அவசரப்படுத்தினார். எர்ணாகுளத்துக்காரர்களோ மேகம் விலகினால் ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். மேகம் விலகவில்லை. கறுத்தது. அன்று மழை மத்தியானத்துக்காகக் காத்திருக்கவில்லை. இடி ஒன்று விழுந்ததும் தகரத்தின் மேல் கொட்டத் தொடங்கியது. நாங்கள் ஏறிவந்த பாதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செந்நிற ஓடையாகிவிட்டது.

"இப்பமே எறங்குனாத்தான் மாமா. நேரமாக ஆகச் சேறு கூடிரும்."

"நான் எறங்க மாட்டேனுங். அவங்களையும் எறக்க விடமாட்டேன்."

மரியாதை விட்டுப் பேசியதில்லை நான். குரல் உயர்ந்துவிட்டது. அந்த வயதான அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் புரிந்ததோ என்னவோ, "எனக்கு ஒன்றும் அவசரமில்லை. இன்னொரு டீ சொல்லுங்கள்" என்று பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். இசக்கி போனை எடுத்துக்கொண்டு, ஒரு பாறையின் மேல் ஏறினால்தான் கிடைக்கும் சிக்னலைத் தேடிப் போனார்.

அவர் போன் போட்டபோது தங்கராசு பாஸாகி வந்துகொண்டிருந்தாராம். நேராக மேலேயே ஏறி வந்தார். மழைக்குள் அவர் ஜீப் நாங்கள் வாங்கிய டயர்களில் ஏறி வருவதைப் பார்த்தேன். அந்தச் சேற்றில் ஓர் இடத்திலும் தயங்கவில்லை. தப்பாக வாங்கவில்லை என்று அந்த நிலையிலும் ஒரு நிம்மதி.

"என்ன மாமா, டயரைப் பாக்காம இருக்க முடியலியோ?" என்று நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே இறங்கினார். "டெஸ்டுல சாரு கேக்காரு, வண்டிக்கு வயசாச்சு, டயரு மட்டும் மாப்பிள்ள கணக்கா இருக்கேன்னு."

யாரும் சிரிக்கவில்லை. இரண்டு ஜீப்பையும் தகரக்கூரையை ஒட்டி நிறுத்தி ஜாக்கி போட்டார்கள். தங்கராசு வண்டியின் முன்பக்கம் எங்களைப் பார்த்து நின்றதால், அதன் முன்சக்கரங்களைக் கழற்றி எங்கள் வண்டியின் பின்னால் மாட்டினார்கள். எங்கள் பின்னால் இருந்த மொட்டைகள் அவர் வண்டிக்கு முன்னால் போயின. நான் துண்டை விரித்து நட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். தங்கராசு தன் மொட்டைச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவரும் இந்த மலையைத்தான் இறங்க வேண்டும்.

"தங்கராசு, உங்க வண்டியை இங்கயே உட்டுட்டு எங்ககூட வந்துருங்க. காலையில வந்து எடுத்துக்கலாம்."

"மேல விட்டா யானை வந்து சீட்டைப் பிச்சுரும் மாமா. போன மாசந்தான் ஒரு வண்டியக் கவுத்துப் போட்டுட்டு. எனக்கென்ன, ஆளு ஏத்தல. பையப் பைய எறக்கிருதேன்."

ஆள் ஏற்றவில்லை. ஆனால் அவர் இருக்கிறாரே. அவர் வீட்டில் யார் யார் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். இசக்கி எங்கள் முன்சக்கரத்துக்கு ஜாக்கியை நகர்த்திவிட்டார். நாலும் மாற்றிவிட்டால் என் வேலை முடிந்தது, கொடுத்த வாக்கும் காப்பாற்றப்பட்டது. துண்டில் இருந்த நட்டுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்ள, போதுமுங். முன்னாடி ரெண்டைக் கழட்டாதீங்க."

இசக்கி நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு வண்டிக்கும் பின்னால புதுசு இருக்கட்டும். முன்னால பழசு. பின்னால புடிச்சா வண்டி சுத்தாதுங்."

படித்ததில் அது மட்டும் எல்லாக் கட்டுரைகளும் ஒத்துக்கொண்ட விஷயம். ஆனாலும் என் மகளின் கணவரிடமிருந்து இரண்டு டயரைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறேன். நாலு இருந்தால் நிச்சயம் பிழைப்பார், இரண்டில்? இசக்கி கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். பிறகு ஜாக்கியை இறக்கினார். தங்கராசு பாட்டை நிறுத்திவிட்டார். இரண்டு மூன்று கல்லைத் தூக்கித் தன் வண்டியின் பின்னால் கனத்துக்குப் போட்டுக்கொண்டார்.

இறங்கினோம். இசக்கி முதல் கியரைவிட்டு மாறவே இல்லை. ஓர் இடத்தில் முன்சக்கரங்கள் திருப்பியும் திரும்பாமல் நேராகவே வழுக்கிப் போயின. பின்னால் இருந்த பெண் அலறினாள். இசக்கி பிரேக்கைத் தொடவில்லை. பின்சக்கரங்கள் எதையோ பற்றி இழுத்தன. முன்பக்கம் மெதுவாகத் திரும்பியது. வயதான அம்மா "குருவாயூரப்பா" என்று ஒருமுறை சொன்னார்.

நான் முன்னால் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் தங்கராசு வண்டியின் விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். வளைவில் அது மறையும்; மஞ்சளாக மறுபடி தெரியும்; மறையும். நாங்கள் வழுக்கிய இடத்தில் அது வெகுநேரம் தெரியவில்லை. "நிறுத்துங் மாப்ள" என்றேன். "நிறுத்துனா நம்ம வழுக்கிருவோம் மாமா" என்றார் இசக்கி. அவர் கண்ணும் கண்ணாடியில்தான் இருந்தது. விளக்கு வந்தது.

தார்ச்சாலை தொடங்குமிடத்தில் சுகன்யா குடையோடு நின்றுகொண்டிருந்தாள். மழையைக் கண்டு விடுதியிலிருந்து ஓடிவந்திருக்கிறாள். பயணிகள் இறங்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தாள். முன்சக்கரத்தைப் பார்த்தாள். அதற்குள் வந்து நின்ற தங்கராசின் ஜீப்பையும் ஒரு சுற்று சுற்றிவந்தாள்.

"நாலு வாங்கிக் குடுத்தீங்க. ரெண்டோட வந்து நிக்கறீங்க."

"ரெண்டு வண்டியும் வந்துருச்சு சாமி."

அவள் என்னைத் திட்டவில்லை. ஸ்டாண்டில் டயர் கைமாறுவது அவளுக்குத் தெரிந்ததுதான்; மழைக்காலத்தில் மாற்ற மாட்டார்கள் என்று நம்பியிருந்தாள். குடையை மடக்கி ஜீப்பின் மேல் வைத்துவிட்டு நனைந்தபடியே நின்றாள். தங்கராசு தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, கோவப்படாத. இன்னொண்ணு சொல்லணும். திங்கக்கெழமை நம்ம பரமசிவத்துக்கு டெஸ்டு. நாலும் வேணும்னு சொல்லிக்கிட்டு இருக்கான்."

இசக்கி அவரை முறைத்தார். சுகன்யா இருவரையும் பார்த்தாள்.

"குடுங்கண்ணே. குடுக்காம இருக்கப் போறீங்களா? ஆனா டயரு போற அன்னைக்கு வண்டி நிக்கணும். ரெண்டு வண்டியும். கல்லு வெச்சு ஏத்தி நிறுத்திருங்க. யாரோட மொட்டைச் சக்கரமும் அதுல ஏறக்கூடாது. ஏறுச்சுன்னா எங்க விடுதியில இருந்து ஒருத்தரும் இந்த ஸ்டாண்டுக்கு வரமாட்டாங்க. அனுப்பறது நாந்தான்."

"தீபாவளி வாரத்துல ஓட்டத்தை விடணுமா?" என்றார் இசக்கி.

"ஆமாங்க. விடணும்."

தங்கராசுதான் முதலில் தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை ஊர் திரும்புவதாக இருந்தேன். திரும்பவில்லை. திங்கட்கிழமையைப் பார்க்காமல் போனால் பேருந்தில் பாதி வழியில் இறங்கிவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது.

திங்கட்கிழமை காலை ஸ்டாண்டுக்குப் போனேன். பரமசிவத்தின் ஜீப் நான்கு புது டயரோடு டவுனுக்கு இறங்கிப் போய்விட்டது. இசக்கியின் ஜீப்பும் தங்கராசின் ஜீப்பும் பின்பக்கத்தைக் கருங்கல் அடுக்கின் மேல் வைத்துக்கொண்டு பின்சக்கரமில்லாமல் நின்றன. அவரவர் வண்டியின் முன்னால் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர் வண்டி போகுமா என்று கேட்டார். இசக்கி வண்டியின் பின்பக்கத்தைக் கையால் காட்டினார். வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு நடந்தார். தங்கராசு அவர் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் இடி இடித்தது. நான் வீட்டில் பாயை விரித்துப் படுத்திருந்தேன். மழை ஓட்டின் மேல் இரைந்துகொண்டு இறங்கியது. மேலே மலையில் இந்நேரம் பாதை சிவப்பாக ஓடும். இன்று அதில் நம் வண்டி இரண்டும் இல்லை, நனையட்டும் என்று திரும்பிப் படுத்தேன்.